பஞ்சு ஒரு வழி, கொட்டை ஒரு வழி: திருப்பூர் வட்டாரத்தில் மரபணு மாற்றப் பருத்தி

இந்தியாவில் விவசாயிகள் பயிரிட்டு விற்பதற்கு வந்துள்ள மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். 2002 மார்ச் 26 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, ஜால்னாவைச் சேர்ந்த மாகிகோ நிறுவனத்தின் மெக்-12, மெக்-162, மெக்-184 என்ற மூன்று பி.டி. (காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த) பருத்தி ரகங்களுக்கு ஒப்புதல் அளித்தது. முதல் சுற்றில் அனுமதி பெற்ற ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்தியாகிவிட்டது.

இந்தப் பஞ்சு பெருமளவில் வந்து சேரும் இடங்களில் ஒன்று திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து போகிறது. தமிழ்நாட்டில் விளையும் பருத்தி ஆண்டுக்கு ஐந்தாறு லட்சம் பேல். மாநிலத்து நூற்பாலைகளுக்குத் தேவைப்படுவதோ நூறு லட்சம் பேலுக்கு மேல். மீதிப் பஞ்சு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா, கர்நாடகத்திலிருந்து லாரியில் வருகிறது. அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவதும் பெரும்பாலும் மரபணு மாற்றப் பருத்தியே. ஆகவே திருப்பூரில் தைத்து முடிக்கும் பருத்திப் பனியனில் பெரும்பகுதி மரபணு மாற்றச் செடியில் காய்த்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் மரபணு மாற்றம் பற்றி எழுந்த சண்டைகள் கத்தரிக்காயையும் கடுகையும் நெல்லையும் சுற்றியே நடந்தன. பருத்தியை ஆடைக் கணக்கில் வைத்ததால் அதை உணவுப் பேச்சில் யாரும் சேர்க்கவில்லை. பருத்திச் செடி நாரோடு கொட்டையையும் தருகிறது, அந்தக் கொட்டை அடுப்படிக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

ரகம் மாறிய வரலாறு

கொங்கு நாட்டில் பருத்தி ரகம் மாறுவது புதிதல்ல. மானாவாரி நிலத்தில் உப்பம், தென்மாவட்டக் கரிசலில் கருங்கண்ணி என்று நாட்டுப் பருத்திகள் விளைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்துக்கு ஒத்துப்போனது, இழையும் நீளம். திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் ஜின்னிங் ஊராகவும் தலையெடுத்ததில் அதற்குப் பங்குண்டு. பனியன் அதற்குப் பிறகு வந்தது. 1968-இல் கோவையிலிருந்து எம்.சி.யு.-5 வெளிவந்தது. 1970-இல் குஜராத்தின் சூரத் பண்ணையில் உருவான ஹைபிரிட்-4, உலகிலேயே வணிக முறையில் பயிரிட வந்த முதல் வீரிய ஒட்டுப் பருத்தி. 1974-இல் கோவையிலிருந்து மிக நீள இழை கொண்ட சுவின் ரகம் வந்தது.

பி.டி. ரகங்கள் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவை. திருப்பூர் மாவட்டம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வாரந்தோறும் பருத்தி ஏலம் நடக்கும். மறுநாள் செய்தித்தாளில் வரும் விலையில் ‘ஆர்.சி.எச். ரகம் குவிண்டால் இவ்வளவு’ என்றிருக்கும். ஆர்.சி.எச். என்பது சேலம் மாவட்டம் ஆத்தூரில் தொடங்கிய ராசி விதை நிறுவனத்தின் ஒட்டு ரகங்களுக்கான வரிசைப் பெயர், அதன் ஆர்.சி.எச்.-2 பி.டி. 2004-இல் அனுமதி பெற்றது. ஏலத்தில் வியாபாரி மூட்டை வாயைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுப்பார். இரண்டு விரலால் இழையை இழுத்து நீளம் பார்ப்பார். ஈரம், நிறம், தூசு, புழு அரித்த கொட்டுப் பருத்தி எவ்வளவு கலந்திருக்கிறது என்று கவனிப்பார். மரபணு அங்கே கேள்வியாகவே வருவதில்லை. எல்லா மூட்டையும் ஒன்றுதான் என்றால் கேட்டு ஆவதென்ன?

மலட்டு விதை என்ற நம்பிக்கை

மரபணு மாற்ற விதை முளைக்காது, அது மலட்டு விதை என்பது கிராமத்திலும் நகரத்திலும் ஒரே மாதிரி பரவிய கருத்து. வீரிய ஒட்டு, மரபணு மாற்றம் என்ற இரண்டு தனித்தனிச் செயல்களை ஒன்றாக எண்ணியதால் வந்தது இது. வீரிய ஒட்டு விதையை உருவாக்க ஒரு பெற்றோர் ரகத்தின் பூவில் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கிவிட்டு, மற்றொரு பெற்றோர் ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். முதல் தலைமுறையில் செடி வீரியமாக வரும். அதன் கொட்டையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தாலும் முளைக்கும். ஆனால் செடிகள் தலைக்கொரு விதமாக நிற்கும், மகசூல் குறையும். விவசாயி ஆண்டுதோறும் கடைக்குப் போவது இதனால். இது 1970-களிலேயே, மரபணு மாற்றம் வருவதற்கு முப்பது ஆண்டு முன்பே தொடங்கிய பழக்கம்.

மலட்டு விதைத் தொழில்நுட்பம் என்று ஒன்று இல்லாமலும் இல்லை. 1998-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. அப்படிப்பட்ட ரகத்தைப் பதிவு செய்யவே இந்தியாவின் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. மரபணுவை ஒட்டு அல்லாத சாதா ரகங்களில் சேர்த்தார்கள். இந்தியாவில் அது பெரும்பாலும் ஒட்டு ரகங்களில் மட்டுமே வந்தது. விதை நிறுவனங்களுக்கு அது ஆண்டுதோறும் உறுதியான விற்பனை. தொடக்கத்தில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2006-இல் ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போன பிறகே விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. விவசாயி உண்மையில் குறை சொன்னது விதையின் விலையையும் யார் கையில் விதை இருக்கிறது என்பதையும்தான். அந்தக் குறைக்கு மரபணு என்று பெயர் வைத்ததால் இரண்டு கேள்விக்கும் சரியான விடை கிடைக்காமல் போயிற்று.

புழுவின் வயிற்றில் நடப்பது

பி.டி. என்பது பேசிலஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் செத்துக் கிடந்த பட்டுப்புழுக்களில் இதைக் கண்டார். 1911-இல் ஜெர்மனியில் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு, துரிஞ்சியா மாநிலத்தின் பெயரை அதற்கு இட்டார். பட்டுப்புழு வளர்க்கும் உடுமலை வட்டாரத்தில் இந்தப் பழைய செய்திக்கு இன்றும் பயனுண்டு: பி.டி. மருந்தடித்த தோட்டத்துக்குப் பக்கத்து மல்பெரி இலையைப் புழுவுக்குப் போடக் கூடாது.

இந்த பாக்டீரியா ஒரு வகைப் புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. அந்துப்பூச்சி இனப் புழு அதைத் தின்றால், அதன் குடலில் இருக்கும் காரத் தன்மை படிகத்தைக் கரைக்கிறது. கரைந்த புரதம் குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டித் துளை போடுகிறது. புழு இரை எடுப்பதை நிறுத்திச் சாகிறது. மனிதர், மாடு, கோழியின் இரைப்பையில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டும் இடங்களும் அவற்றின் குடலில் இல்லை. ‘புழுவைக் கொல்வது மனிதனை விட்டுவிடுமா’ என்ற கேள்விக்கு அறிவியல் தரும் விடை இதுதான். இதே பாக்டீரியாவைத் தூளாக்கித் தண்ணீரில் கலந்து தெளிப்பது இயற்கை விவசாயத்தில் ஏற்கப்பட்ட பூச்சிக் கட்டுப்பாட்டு முறை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வேறுபாடு அளவிலும் காலத்திலும் இருக்கிறது: தெளித்த தூள் சில நாளில் வெயிலில் சிதைந்துவிடும், பி.டி. பருத்தியில் இலை, பூ, காய், கொட்டை எல்லாவற்றிலும் செடி தானே அந்தப் புரதத்தைப் பருவம் முழுவதும் உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

முதலில் வந்தது கிரை1ஏசி என்ற ஒற்றை மரபணு. 2006-இல் கிரை2ஏபி என்ற இரண்டாவது மரபணுவையும் சேர்த்த போல்கார்டு-2 வந்தது. குறி வைத்தது பச்சைக் காய்ப்புழு, புள்ளிக் காய்ப்புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஆகிய மூன்றை. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இந்தப் புரதம் ஒன்றும் செய்யாது. ‘பி.டி. போட்டும் மருந்தடிக்க வேண்டியிருக்கிறதே’ என்று விவசாயி ஏமாந்ததில் பாதி, இதை விற்பனையாளர் சொல்லாமல் விட்டதால் வந்தது.

வயலில் கண்ட கணக்கு

பலன் கிடைத்ததா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. தமிழ்நாடு உட்பட நான்கு மாநில விவசாயக் குடும்பங்களிடம் 2002 முதல் 2008 வரை திரட்டிய விவரங்களை வைத்து, காத்தாகே, கைம் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, பி.டி. பருத்தியால் ஏக்கர் மகசூல் 24 விழுக்காடும் பருத்தி லாபம் 50 விழுக்காடும் கூடியதாகச் சொன்னது. நாகபுரி மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கே.ஆர். கிராந்தி, மானிடவியலாளர் கிளென் ஸ்டோன் இருவரும் 2020-இல் வேறு முடிவுக்கு வந்தார்கள்: மகசூல் உயர்வுக்கு உரமும் பாசனமும் புதிய பூச்சிமருந்துகளும் பெரிய காரணம், முதலில் குறைந்த மருந்துச் செலவு பிறகு பழைய அளவையும் தாண்டிவிட்டது.

நாட்டின் சராசரி மகசூல் இரண்டு தரப்புக்கும் சற்றுச் சற்று இடம் கொடுக்கிறது. 2002-03-இல் ஹெக்டேருக்கு 300 கிலோ அளவில் இருந்த பஞ்சு மகசூல் 2007-08-இல் 554 கிலோவைத் தொட்டது. பிறகு அந்த உச்சத்தில் நிலைக்காமல் 450 கிலோவைச் சுற்றி வந்து நின்றது.

இறக்கத்துக்கு ஒரு காரணம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. குஜராத்தில் ஒற்றை மரபணுவை அது வென்றுவிட்டதாக 2010-இல் அந்த மரபணுத் தொழில்நுட்பத்தின் உரிமையாளரான மான்சான்டோ நிறுவனமே அறிவித்தது; 2015 வாக்கில் இரட்டை மரபணுவையும் வென்றது. இதைத் தடுக்க ஒரு ஏற்பாடு முதலிலேயே இருந்தது. ஒவ்வொரு 450 கிராம் பி.டி. பாக்கெட்டோடும் 120 கிராம் சாதாப் பருத்தி விதைப் பாக்கெட் ஒன்று வைத்துத் தந்தார்கள். அதை வயலின் ஓரத்தில் விதைத்தால் அங்கே பி.டி. புரதம் படாத புழுக்கள் வளரும். அவை எதிர்ப்பு பெற்ற புழுக்களோடு இனம் கலந்து, எதிர்ப்புத் திறன் பரவுவதைத் தாமதப்படுத்தும். அந்தச் சிறு பாக்கெட்டைப் பெரும்பாலானோர் விதைக்கவில்லை. புழுவுக்கு விருந்து வைக்க நிலத்தை ஒதுக்கச் சொன்னால் எந்த விவசாயி கேட்பார், அதுவும் காரணத்தை யாரும் விளக்காதபோது? பிற்காலத்தில் இரண்டு விதையையும் ஒரே பாக்கெட்டில் கலந்தே விற்கும் முறை வந்தது. ஒரு தொழில்நுட்பத்தைப் பொதுமக்களுக்குப் புரியவைக்கத் தவறியதன் விலையை இங்கே மகசூலில் அளந்துவிடலாம்.

திருப்பூருக்கு இது விலையாக வந்து சேர்கிறது. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூல் விலையைக் கண்டித்துப் பின்னலாடைத் துறை இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. பதுக்கல், ஏற்றுமதி, இறக்குமதி வரி பற்றியெல்லாம் பேச்சு நடந்தது. புழுவைப் பற்றிப் பேச்சு அரிது.

ஜின்னிங்கில் பிரியும் இடம்

பறித்த பருத்தி நூறு கிலோ ஜின்னிங் மில்லுக்குப் போனால் முப்பத்து மூன்று முதல் முப்பத்தாறு கிலோ பஞ்சு கிடைக்கும். மீதி பெரும்பாலும் கொட்டை. எடையில் பார்த்தால் பருத்தி நாரைவிடக் கொட்டையையே அதிகம் தரும் பயிர்.

பஞ்சின் வழி எளிது. பஞ்சு ஏறத்தாழ முழுக்க செல்லுலோஸ். புரதம் ஒரு விழுக்காடு அளவில்தான். நூலாகி, நிட்டிங் முடிந்து, சாயப்பட்டறையில் காரத்தில் வேகவைத்து, பிளீச்சிங் ஆகி, சாயமேறும்போது எஞ்சிய புரதமும் மரபணுத் துணுக்குகளும் சிதைந்து கழுவப்பட்டுப் போய்விடும். தைத்து முடித்த சாயத் துணியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால், அது பி.டி. பருத்தியா, சாதாப் பருத்தியா என்று நம்பகமாகச் சொல்ல முடியாது. பி.டி. பனியன் போட்டால் அரிப்பு வரும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. பனியனில் அரிப்பு வந்தால் சாயத்தையும் சலவைச் சோப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொட்டையின் வழி நீளமானது. கொங்கு நாட்டில் காளைக்கும் கறவைக்கும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி வைப்பது பழைய வழக்கம். காங்கயம் காளையை மெருகேற்ற அது இல்லாமல் முடியாது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். எண்ணெய் எடுத்த பிறகு வரும் பருத்திப் புண்ணாக்கு பால்மாட்டுத் தீவனத்தில் முக்கியமான பொருள். மதுரையில் பருத்திப் பால் மனிதருக்கே பானம். இந்திய ஆலைகள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பருத்திக்கொட்டை எண்ணெய் எடுக்கின்றன. குஜராத்தில் அது கபாசியா எண்ணெய் என்ற பெயரில் வீட்டுச் சமையலுக்கும் தின்பண்டம் பொரிக்கவும் பயன்படுகிறது. பிற மாநிலங்களில் வனஸ்பதியிலும் கலப்பு எண்ணெயிலும் பெயர் தெரியாமல் சேர்கிறது.

மரபணு மாற்றப் புரதம் இந்த வழியில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும். முழுக் கொட்டையில் உண்டு. புண்ணாக்கில், ஆட்டும் சூட்டைப் பொறுத்து, ஓரளவு மிஞ்சும். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் கண்டறியும் அளவில் இருக்காது. பாலுக்கு வருமா என்பது நியாயமான கேள்வி. கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் கறவை மாடுகளுக்குப் பி.டி. கொட்டை கொடுத்துப் பார்த்தபோது பாலில் அந்தப் புரதம் தென்படவில்லை. சோதனை சில வாரங்களே நடந்தது என்பது விமர்சகர்கள் எடுத்துக்காட்டும் குறை. அது ஏற்கத்தக்க குறைதான். 2006-இல் வாரங்கல் பகுதியில் பி.டி. பருத்திக் காட்டில் மேய்ந்த ஆடுகள் செத்ததாக மேய்ப்பர்கள் புகார் சொன்னார்கள். ஒப்புதல் குழு அதற்கு பி.டி. புரதம் காரணம் என்பதை ஏற்கவில்லை. மேய்ப்பர்களும் சமாதானம் ஆகவில்லை.

பருத்திக்கொட்டையில் அச்சப்பட வேண்டிய பொருள் மரபணு மாற்றத்துக்கு முன்பே உண்டு: காசிப்பால் என்ற இயற்கை நச்சு. நன்றாக வளர்ந்த மாட்டின் வயிறு அதைத் தாங்கும். கோழியும் பன்றியும் தாங்கா. சுத்திகரிக்காத எண்ணெய் மனிதருக்கும் ஆகாது. கொட்டையில் மட்டும் இந்த நச்சு குறைந்த பருத்தியை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோர் குழு மரபணு முறையாலேயே உருவாக்கியது. 2019-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்த இசைந்தது.

பல்லடத்துக் கோழி

திருப்பூர் மாவட்டத்தின் இன்னொரு பெருந்தொழில் கறிக்கோழி. தமிழ்நாட்டின் பண்ணை விலை பல்லடத்தில் முடிவாகிறது. கோழித் தீவனத்தில் மக்காச்சோளத்துக்கு அடுத்த முக்கியப் பொருள் சோயாப் புண்ணாக்கு. 2021-இல் அதன் விலை ஏகத்துக்கு ஏறியபோது, மத்திய அரசு அந்த ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் முளைக்கும் உயிர் இல்லை, ஆகவே சுற்றுச்சூழல் பற்றிய கேள்வி எழாது என்பது வாதம். தீவன விலையில் திணறிய பண்ணைக்காரர்களுக்கு அது நிம்மதி. கத்தரிக்காயை எதிர்த்து ஊர்வலம் போன மாநிலத்தில் இதற்குப் பெரிய சத்தம் எழவில்லை. சமையல் எண்ணெயிலும் இதுவே கதை: அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெய் பெரும்பாலும் மரபணு மாற்றச் சோயாவிலிருந்து எடுத்தது.

கத்தரிக்காய் நின்ற இடம்

பி.டி. கத்தரியில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்குண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் மாகிகோவின் மரபணுவைப் பெற்று கோ-2, எம்.டி.யு.-1, கே.கே.எம்.-1, பி.எல்.ஆர்.-1 ஆகிய தன் சொந்தக் கத்தரி ரகங்களில் சேர்த்தது. இவை ஒட்டு அல்லாத சாதா ரகங்கள்; விவசாயி விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பருத்தியில் எழுந்த பெரிய குறைக்கு இங்கே ஒரு விடை இருந்தது. ஆனால் விவாதம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

2009 அக்டோபர் 14 அன்று ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு இசைந்தது. நம்மாழ்வார் உள்ளிட்ட இயற்கை விவசாய இயக்கத்தார் தமிழ்நாடெங்கும் எதிர்ப்பைத் திரட்டினார்கள். சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டார்; அவற்றில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை. 2010 பிப்ரவரி 9 அன்று அவர் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார். நெடுங்கால உண்ணல் சோதனை போதவில்லை, சோதனைகளை நிறுவனமே நடத்தியது, கத்தரி இந்த மண்ணின் பயிர், மாநிலங்கள் எதிர்க்கின்றன என்பவை அவர் சொன்ன காரணங்கள். பதினைந்து ஆண்டு கடந்தும் அந்தத் தடை நீங்கவில்லை. வங்கதேசம் 2013-இல் அதே கத்தரியை ஏற்று 2014 முதல் பயிரிடுகிறது.

இரண்டு பயிரிலும் இருந்தது அதே கிரை1ஏசி. கத்தரியைச் சமைத்து நேரே உண்கிறோம், பருத்தியை மறைமுகமாக உண்கிறோம் என்பதைத் தவிர, உணவுக் கேள்வி இரண்டுக்கும் பொது. ஒன்றுக்குக் கடும் சோதனை வேண்டும் என்று கேட்டது தவறல்ல. மற்றொன்றைக் கேட்காமலே விட்டதுதான் குறை.

சான்றிதழும் சோதனையும்

திருப்பூரில் மரபணு மாற்றம் பேசப்படும் ஒரே இடம் ஏற்றுமதி அலுவலகம். ஆர்கானிக் ஆர்டர் வந்தால் பையர் கேட்பது கோட்ஸ் (உலக ஆர்கானிக் ஜவுளித் தரநிலை) சான்று. அந்தத் தரநிலை மரபணு மாற்றப் பருத்தியை ஏற்காது. பெட்டர் காட்டன் திட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. அது விதையைப் பற்றிக் கேட்பதில்லை. ‘நல்ல பருத்தி’ என்று பொருள்படும் சீட்டுகள் எல்லாம் ஒன்றல்ல என்பது வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தெரியாது, இங்கே தைப்பவருக்கும் தெரியாது.

ஆர்கானிக் பஞ்சு கைமாறும்போதெல்லாம் ஒரு பரிமாற்றச் சான்று, தொழிலில் டி.சி. என்பார்கள், கூடவே வர வேண்டும்: பண்ணைக் குழுவிலிருந்து ஜின்னிங், நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று ஒவ்வொரு படியிலும். முடிந்த ஆடையில் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால் இந்தத் தாள்தான் எல்லாம். 2010 ஜனவரியில், ஜெர்மனியின் பிரேமர்ஹாபன் ஆய்வகம் ஒன்றில் சோதித்த ஆர்கானிக் பருத்தி மாதிரிகளில் 30 விழுக்காடு அளவில் மரபணு மாற்றம் தெரிந்ததாக ஜெர்மன் பத்திரிகை எழுதியது. 2020 அக்டோபரில் கோட்ஸ் அமைப்பே அதைவிடப் பெரிய செய்தியை வெளியிட்டது. இந்தியாவில் 20,000 டன் பருத்தி பொய்ச் சான்றில் ஆர்கானிக் ஆகியிருந்தது. போலிச் சான்றில் இருந்த கியூஆர் குறியீட்டைத் தட்டினால் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடாவின் இணையதளத்தை அச்சு அசலாகப் போலி செய்த தளத்துக்குக் கொண்டுபோனது. 11 நிறுவனங்கள் விலக்கப்பட்டன.

எல்லாம் மோசடியும் அல்ல. நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு பி.டி. ஆகிவிட்டபோது சாதா விதை கிடைப்பதே அரிது. பக்கத்துக் காட்டுத் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவரும். ஒரே ஜின்னிங் எந்திரத்தில் இரண்டு பருத்தியும் ஓடும். நேர்மையான ஆர்கானிக் விவசாயியின் மூட்டையிலும் சிறிது கலப்பு வரத்தான் செய்யும். இதனால்தான் 2019-இல் ஐ.எஸ்.ஓ. வழிகாட்டிச் சோதனை முறை ஒன்று வெளியானது; கொட்டையிலும் பஞ்சிலும், ரசாயனச் சுத்திகரிப்புக்கு முந்தைய நிலையிலும் மரபணு மாற்றத்தின் தடம் இருக்கிறதா என்று அது காட்டும். தடம் இருந்தால் அது தற்செயலா, ஏமாற்றா என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வகத்தின் வேலையாக முடியாது. பண்ணைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

உணவுப் பொட்டலத்தின் மேல்

ஆடைக்கு இவ்வளவு தாள் இருக்கும்போது உணவுக்கு என்ன இருக்கிறது? 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்ற உணவு உள்ள பொட்டலத்தின் முகப்பில் ‘ஜி.எம்.’ என்று போட வேண்டும் என்று எடையளவு விதி சொல்கிறது. எவ்வளவு இருந்தால் போட வேண்டும், புரதமே மிஞ்சாத எண்ணெய்க்கும் பொருந்துமா என்பதற்கு அந்த விதியில் விடை இல்லை. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2018-இல் 65 உணவுப் பொருள்களைச் சோதித்ததில் 32 விழுக்காட்டில் மரபணு மாற்றத் தடம் கிடைத்தது. இந்தியாவில் தயாரான பருத்திக்கொட்டை எண்ணெயும் அவற்றில் இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஒரு விழுக்காட்டை வரம்பாக வைத்து வரைவு விதிகளை வெளியிட்டது.

2022 அக்டோபரில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டி.எம்.எச்.-11 கடுகுக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், நாகரத்னாவும் சஞ்சய் கரோலும், ஒப்புதல் செல்லுமா என்பதில் மாறுபட்டார்கள். தேசியக் கொள்கை ஒன்று வகுக்க வேண்டும், இறக்குமதியாகும் மரபணு மாற்ற உணவில், குறிப்பாகச் சமையல் எண்ணெயில், அடையாளமிடும் சட்டப் பிரிவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பவற்றில் ஒத்துப்போனார்கள். அந்த உத்தரவு கப்பலில் வரும் எண்ணெய்க்கு. உள்நாட்டு ஆலையில் ஆட்டும் பருத்திக்கொட்டை எண்ணெயும் தொட்டியில் ஊறும் பருத்திக்கொட்டையும் அதில் வரவில்லை.